பறவைக் குரல் சேர்த்த லுட்விக் கோக்

மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும், கிளி மிழற்றும். இவ்வாறு ஒவ்வொரு புள்ளின் குரலுக்கும் ஒவ்வொரு சொல்லை வரையறுத்து வைத்தனர் நம் முன்னோர். பள்ளிப் பருவத்தில் மரபுச் சொற்கள் என்னும் தலைப்பின்கீழ் இவற்றை நெட்டுருச் செய்யாதார் நம்முள் ஒருவரும் இரார். ஆயினும், தேர்வு முடிந்தபின் ஆந்தை அலறுவதையும் கூகை குழறுவதையும் தம் செவியாற் கேட்டு வேற்றுமை உணர்ந்தவர் எத்துணைப் பேர் என வினவின், விடை கூறத் தயங்குவோம். சொல்லைப் போற்றிய நாம் அச்சொல் குறிக்கும் ஒலியை மறந்தோம் போலும்.

சொல்லைக் காத்தல் எளிது. ஏட்டில் எழுதிவைத்தால் அது நிற்கும். பறவையின் நிறத்தை ஓவியன் தீட்டலாம். அதன் உடலைப் பாடஞ்செய்து காட்சிச்சாலையில் வைக்கலாம். அதன் முட்டையைப் பஞ்சிற் பொதிந்து பேழையுள் அடைக்கலாம். குரல் ஒன்றே பிறந்த கணத்திலேயே மறைந்தொழிவது. அம் மறையும் பொருளைப் பிடித்துவைத்துப் பிறரும் பின்வருவோரும் கேட்குமாறு செய்தலைத் தம் வாழ்வின் பெரும்பணியாகக் கொண்ட ஒருவரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் லுட்விக் கோக் என்பது. அவர் விலங்கு நூற் புலவராகப் பயின்றவர் அல்லர். இயந்திரத் தொழிலை முறையாகக் கற்றவரும் அல்லர். இசையே அவர் கற்ற கலை. சிறுவராய் இருந்த காலத்தில் விளையாட்டாகத் தொடங்கிய ஒன்று, மற்றை யாவும் கைவிட்டுப் போன காலத்தில் அவரைத் தாங்கி நின்றது. இவ்வுண்மையை விளக்குவதே நம் கருத்து.

இளமை

ஜெர்மனி தேயத்தில் மைன் ஆற்றங்கரையில் அமைந்த பிராங்க்பர்ட் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில், 1881-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் லுட்விக் கோக் பிறந்தார். அந்நகரம் வாணிகத்திற்கு மட்டுமன்றி இசைக்கும் பெயர்பெற்றது. புகழ்மிக்க பியானோ இசைப் புலமையாட்டி கிளாரா ஷூமன் அம்மையார் 1878 முதல் அங்கே தங்கி இசை பயிற்றி வந்தார். சிறுவர் கோக் பிடில் வாசிப்பதில் இளமையிலேயே தேர்ச்சியுற்று, அம்மையாரைச் சூழ்ந்திருந்த இசைக் குழுவினரோடு பழகும் பேறும் பெற்றார். நல்ல இசையை நுணுகிக் கேட்கும் பழக்கம் இவ்வாறு அவர்க்குப் பிள்ளைப் பருவத்திலேயே வாய்த்தது.

அவர்க்கு எட்டாவது வயது நடக்கையில், அதாவது 1889-ஆம் ஆண்டில், தந்தையார் அவர்க்கு ஒரு விந்தையான பரிசு அளித்தார். அஃது எடிசன் என்னும் அமெரிக்க அறிஞர் 1877-இல் கண்டுபிடித்த போனோகிராப் என்னும் பேசும் பொறி. அதனுடன் மெழுகு உருளைகள் சிலவும் இருந்தன. அப்பொறியின் இயல்பைச் சில சொற்களிற் கூறுவோம். ஒரு கூம்பு வடிவான குழலின் அகன்ற வாயில் ஒலி புகுந்து, மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு பிணைத்த ஊசி, சுழலும் மெழுகு உருளையின்மேல் அவ்வதிர்வுக்கேற்ப ஒரு நுண்ணிய பள்ளத்தைக் கீறிக்கொண்டே செல்லும். பின்னர் அப்பள்ளத்தின் வழியே மற்றோர் ஊசியை ஓட்டினால், முன் அதிர்ந்தவாறே தகடு மீண்டும் அதிர்ந்து, முன் எழுந்த ஒலியையே எழுப்பும். மின்விசையால் ஒலியைப் பெருக்கும் வழி அந்நாளில் இல்லை. ஆதலின், பேசுவோரும் பாடுவோரும் குழலின் வாயருகே நின்று உரக்க ஒலித்தாலன்றிப் பொறி அதனை ஏற்காது.

இத்தகைய பொறி கையிற் கிடைத்தால் பிள்ளைகள் தம் குரலையும் உறவினர் குரலையும் பதித்துக் கேட்டு மகிழ்வது இயல்பு. சிறுவர் கோக்கோ, கூண்டிலிருந்த ஒரு பறவையின் முன்னே குழலை நீட்டினார். பறவை பாடிற்று, உருளை சுழன்றது, பாட்டு மெழுகில் பதிந்தது. நமக்குத் தெரிந்தவரையில் உலகில் முதன்முதற் பதிவுசெய்யப்பட்ட பறவைப் பாட்டு அதுவே என்று அறிஞர் கூறுவர். அவ்வொலி இன்றளவும் அழியாமல் நிலைத்திருக்கிறது.

அப்பறவை யாது? ஐரோப்பியச் சோலைகளில் வாழும் நைட்டிங்கேல் அன்று, வானம்பாடியும் அன்று. ஷாமா என்று வழங்கும் இந்தியப் பறவையே அது. நம் மேற்குத்தொடர்ச்சி மலைச் சாரலிலும் இலங்கைக் காடுகளிலும் அடர்ந்த புதர்களினூடே மறைந்து வாழும் இதனைத் தமிழில் சோலைபாடி என்பர். கருமை மிளிரும் தலையும் முதுகும், செம்மை படர்ந்த வயிறும், நீண்ட வாலும், அவ்வால் தொடங்கும் இடத்தில் வெண்ணிறமும் உடையது. இனிய குரலும் பிற பறவைகளின் ஒலியைத் தன் பாட்டில் இணைத்துக்கொள்ளும் திறமும் இதற்கு உண்டு. அக்குரலே அதன் சிறைக்கும் காரணமாயிற்று. கூண்டுப் பறவையாக அது பல தேயங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. தான் பிறந்த காட்டினின்றும் பிரிக்கப்பட்ட ஒரு பறவை தொலைவில் உள்ள ஒரு நகரில் பாடிய பாட்டே, பறவை ஒலிப்பதிவு வரலாற்றின் முதல் ஏடாயிற்று. அதனைப் பதித்த சிறுவரும் பிற்காலத்தே தம் நாட்டினின்றும் பிரிந்து வேற்று நாட்டில் வாழ நேர்ந்தது.

இசைவாழ்வும் அதன் முடிவும்

வளர்ந்தபின் கோக் வாய்ப்பாட்டைத் தொழிலாகக் கொண்டார். ஜெர்மானியக் கவிகளின் பாக்களுக்குப் பண்ணமைத்த தனிப்பாடல்களையும், வேதாகம வரலாறுகளைக் கோவையாகப் பாடும் ஒரட்டோரியோ என்னும் பெரும் இசைநூல்களையும் அவர் அரங்கேறிப் பாடி நற்பெயர் பெற்றார். அவ்வாழ்வு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. பிரெஞ்சு மொழியில் அவர்க்கிருந்த புலமை நோக்கி அவரைப் படையின் உளவுப் பகுதியில் அமர்த்தினர். அரங்குகளில் ஒலித்த அவர் குரல் அத்துடன் அடங்கிற்று. போர் முடிந்தபின்னரும், 1918 முதல், பிரெஞ்சுப் படை தங்கியிருந்த ஜெர்மன் பகுதியில் பிரிந்தோரைத் தத்தம் நாட்டிற்கு மீட்டனுப்பும் வேலையில் அவர் தலைமைப் பேராளராக உழைத்தார். 1925 வரையில் அரசாங்க அலுவல்களே அவர் காலத்தை விழுங்கின.

இசைவாணர் ஒருவர்க்குத் தம் குரலை இழப்பதினும் பெருந்துன்பம் வேறில்லை. அவர் சோர்ந்திருந்தால் நாம் அவரைக் குறைகூற இயலாது. எனினும் அவர் சோர்ந்திலர். தாம் பாட இயலாத நிலையில், பிற குரல்களைக் காக்கும் வேலையின்பால் அவர் மனம் சென்றது. 1927-இல் பிராங்க்பர்ட்டில் நடந்த, மக்களினங்களின் வாழ்வில் இசை பெறும் இடத்தை விளக்கிய பெரும் பொருட்காட்சியை அமைக்கும் வேலையில் அவர் ஈடுபட்டார். அடுத்த ஆண்டில் ஒரு பெரிய கிராமபோன் நிறுவனத்தின் ஜெர்மன் கிளையார் கல்விக்கும் பண்பாட்டிற்கும் உரிய இசைத்தட்டுக்களை வெளியிடும் பகுதியை அவர் பொறுப்பில் ஒப்புவித்தனர். இளமையில் மெழுகு உருளையோடு விளையாடிய கை, நாற்பத்தேழாம் வயதில் மீண்டும் ஒலிப்பதிவுக் கருவியைத் தொட்டது.

மீண்டும் பறவைகள்

இதற்கிடையில் உலகில் இக்கலை வளர்ந்திருந்தது. 1900-ஆம் ஆண்டில் செர்ரி கியர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் எடிசன் பொறியைக் கொண்டு, கூண்டில் அடைபடாத நைட்டிங்கேலின் பாட்டைப் பதிவு செய்தார். 1910-இல் ஜெர்மனியில் கார்ல் ரைக் என்பார் வளர்த்த நைட்டிங்கேலின் பாட்டு இசைத்தட்டாகி விலைக்கு வந்தது. 1925-ஐ ஒட்டி மின்விசை ஒலிப்பதிவு முறை நடைமுறைக்கு வரவே, ஒலிவாங்கி என்னும் கருவி குழலின் இடத்தைப் பெற்றது. மெல்லிய ஒலியையும் பெருக்கிப் பதிக்க இயன்றது. 1929-இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்தர் ஆலன், பீட்டர் பால் கெல்லாக் முதலியோர் பேசும் படச் சுருளைக் கொண்டு காட்டுப் பறவைகளின் ஒலியைப் பதிக்கத் தொடங்கினர்.

கோக் இம்முறைகளை நன்கு அறிந்து, ஒரு புதிய நூல்வகையைத் தோற்றுவித்தார். எழுத்தும் படமும் உள்ள புத்தகத்தோடு இசைத்தட்டுக்களையும் ஒரே உறையில் வைத்து, படிப்போர் கண்ணும் செவியும் ஒருங்கே பயன்கொள்ளுமாறு செய்த அதனை ஒலிநூல் எனலாம். பறவையைப் பற்றிப் படித்தவுடன் அதன் குரலையும் கேட்கலாம். குரலைக் கேட்டவுடன் அதன் வடிவையும் காணலாம். பெர்லின் நகரத்து நீர்வாழ் உயிர்க் காட்சிச்சாலையை நடத்திவந்த பெரும் பறவைநூல் அறிஞர் ஆஸ்கார் ஹைன்ரோத்துடன் சேர்ந்து, சிறகுடைய இசைவாணர் என்னும் பொருள்படும் பெயரால் ஓர் ஒலிநூலை அவர் 1935-இல் வெளியிட்டார்.

நாடு துறத்தல்

அந்நூல் வெளிவந்த அதே 1935-ஆம் ஆண்டில்தான், நாஜி அரசாங்கத்தார் நியூரம்பெர்க் நகரில் இயற்றிய சட்டங்களால் யூதர்கள் ஜெர்மன் குடியுரிமையை இழந்தனர். ஜெர்மன் மொழியிற் பாடியவர், ஜெர்மன் அரசுக்குப் போர்க்காலத்தும் பின்னும் உழைத்தவர், ஜெர்மன் சோலைகளின் குரலை அந்நாட்டு மக்களுக்கே அறிமுகம் செய்தவர் அந்நாட்டிற்கு அயலார் என அறிவிக்கப்பட்டார். பறவைகளின் குரல் ஏற்புடையதாம். அதனைப் பதித்தவர் குரல் ஏற்புடையதன்றாம். இதனினும் கொடிய முறைகேடு யாதுளது?

1936-ஆம் ஆண்டில் கோக் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்து நான்கு. வீட்டையும் பதவியையும் பிறந்த நாட்டையும் பின்னே விட்டு, வேற்று மொழி வழங்கும் நாட்டில், முற்றிலும் புதிதாக ஒரு வாழ்வைத் தொடங்க வேண்டியவரானார். ஐம்பது கடந்த மனிதர்க்கு இஃது எத்துணைக் கடினம் என்பதை அனுபவமுடையோர் அறிவர். அவரிடம் எஞ்சியிருந்த முதல் ஒன்றே: செவி. எட்டு வயதில் விளையாட்டாய்த் தொடங்கிய பழக்கம் அச்செவியினுள்ளே இருந்தது. அதனை எந்த அரசாங்கமும் பறிமுதல் செய்ய இயலாது.

லண்டன் நகரில் அவர்க்கு நல்லோர் சிலர் துணைநின்றனர். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையை நடத்தும் கழகத்தின் செயலாளராய் அப்பொழுது இருந்தவரும், பின்னர் 1946-இல் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர் ஆனவருமான ஜூலியன் ஹக்ஸ்லி ஒருவர். பறவைநூல் வல்லவரும் நூல் வெளியிடுவோருமான ஹாரி விதர்பி மற்றொருவர். பிரிட்டிஷ் பறவைகளின் ஒலிநூல் ஒன்றை வெளியிட விதர்பி இசைந்தார். அதற்கு உரைப்பகுதி எழுதும் வேலையை மாக்ஸ் நிக்கல்சன் என்னும் இளம் அறிஞர் மேற்கொண்டார்.

ஓர் இளவேனில்

நூல் வெளியிடுவோர் இசைந்தனர். பறவைகள் இசைய வேண்டுமே! இங்கிலாந்தில் பறவைகள் ஆண்டு முழுதும் பாடுவதில்லை. இணை தேடியும் எல்லை காத்தும் அவை பாடும் காலம் பெரும்பாலும் இளவேனிலும் முதுவேனிலின் தொடக்கமுமே. ஆப்பிரிக்காவினின்றும் வரும் நைட்டிங்கேல் ஏப்ரல் நடுவில் வந்து, ஜூன் தொடங்கியபின் பாட்டை அடக்கிவிடும். அக்காலம் தவறினால் அடுத்த ஆண்டு வரையிற் காத்திருத்தல் வேண்டும். கையிற் பொருளின்றிப் புதிதாய் வந்த ஒருவர்க்கு ஓராண்டு காத்திருத்தல் இயலுமோ? ஆகவே, தாம் அறியாத காடுகளில், தாம் அதற்குமுன் சென்றறியாத வழிகளில், சில வாரங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடி அவர்க்கு நேர்ந்தது.

அந்நாளைய ஒலிப்பதிவு எவ்வளவு தொல்லை நிறைந்தது என்பதை இக்காலத்தார் எளிதில் எண்ணிப்பார்க்க முடியாது. ஒலி செறிக்கும் கருவிகளும் மின்கலங்களும் மெழுகுத் தட்டுக்களும் நிறைந்த பாரமான மோட்டார் வண்டியைக் காட்டின் ஓரம் வரையில் ஓட்டிச் செல்ல வேண்டும். வண்டி பறவையின் அருகே செல்லின் பறவை அஞ்சிப் பறந்துவிடும். ஆகவே வண்டியைத் தொலைவில் நிறுத்தி, நூற்றுக்கணக்கான கஜ நீளமுள்ள கம்பியைப் புதர்களினூடே இழுத்துச்சென்று, பறவை பாடும் கிளையின் அருகே ஒலிவாங்கியை மறைத்து வைக்க வேண்டும். தொலைவு இருமடங்காயின் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது பௌதிக நூலார் கண்ட விதி. ஆதலின், பத்து கஜத்தில் உள்ள பறவைக்கும் ஐந்து கஜத்தில் உள்ள பறவைக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

பறவையோ ஒரே கிளையில் இருந்து பாடும் என்பதற்கு உறுதி இல்லை. ஆயின், தன் எல்லைக்குள் தான் விரும்பும் சில இடங்களுக்கே மாறிமாறி வரும் இயல்பு பல பறவைகளுக்கு உண்டு. பொறியை இயக்குமுன் பறவையின் நடையைப் பன்முறை நோக்கி, அவ்விடங்களைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். அதற்குமேல் மெழுகின் தொல்லை. மெழுகுத் தட்டு குளிர்ந்திருந்தால் ஊசி சரியாகக் கீறாது. அதனை வெதுவெதுப்பாக வைத்துக் காத்தல் வேண்டும். தட்டின் ஒரு பக்கம் சில நிமிட ஒலியையே கொள்ளும். பதித்ததை அவ்விடத்தே ஒலிக்கச் செய்து பார்ப்பின் மெழுகின் பள்ளம் கெடும்; அதனின்று உலோக அச்சு எடுக்க இயலாது. எனவே, பதிவு நன்கு அமைந்ததா என்பதைப் பதிக்கும்பொழுதே தம் செவியால் அறுதியிட்டாக வேண்டும். இவ்விடத்தில் அவர் கற்ற இசை கைகொடுத்தது. சுருதி பிறழ்வதையும், ஒலி மங்குவதையும், வேற்றொலி கலப்பதையும் நுணுகி உணரும் பயிற்சி அவர்க்கு இருந்தது.

இத்தனையும் கூடிய பின்னரும் காற்று வீசலாம், நாய் குரைக்கலாம், தொலைவில் புகைவண்டி ஊதலாம், ஆகாய விமானம் தலைமேற் பறக்கலாம். வைகறையில் எழுந்து காத்திருந்து, பறவை வாய் திறக்கும் அந்நொடியில் இவற்றுள் ஒன்று நேருமாயின் அன்றைய உழைப்பு வீணே. மறுநாள் மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

அவ்வேனில் வீணாகவில்லை. காட்டுப் பறவைகளின் பாட்டு என்னும் பொருள்படும் தலைப்போடு நிக்கல்சனும் கோக்கும் இணைந்து இயற்றிய ஒலிநூல் 1936-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதனை மக்கள் விரும்பி ஏற்றமையால் அதன் தொடர்ச்சியாக மற்றொன்று 1937-இல் வந்தது. 1938-இல் ஹக்ஸ்லியுடன் சேர்ந்து விலங்குகளின் மொழியைப் பற்றிய ஒலிநூலையும் அவர் வெளியிட்டார்.

இவர் திறமையைக் கேள்வியுற்ற பெல்ஜிய நாட்டின் எலிசபெத் அரசியார், தம் லாக்கென் அரண்மனைப் பூங்காவில் வாழும் பறவைகளின் குரலைப் பதிவு செய்ய 1937-இல் இவர் துணையை நாடினார். அரசியாரும் ஜெர்மனியிற் பிறந்தவர். பிடில் வாசிப்பதில் வல்லவர். இசைக்குப் பெரும் புரவலர். தன் நாட்டு அரசாங்கத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவரை அயல்நாட்டு அரசி அழைத்துப் பெருமைப்படுத்தியது கற்றோர்க்குச் சென்றவிடமெல்லாம் சிறப்பு என்பதற்குச் சான்றாகும்.

வானொலியில்

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பகைமை முற்றிய அக்காலத்தில், ஜெர்மன் நாவொலி கலந்த ஆங்கிலம் பேசுவோரைப் பிரிட்டிஷ் மக்கள் ஐயத்தோடு நோக்கியது வியப்பன்று. அந்நிலையில் ஹக்ஸ்லியின் உதவியால் கோக், பி.பி.சி. என வழங்கும் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தாரோடு தொடர்பு கொண்டு அங்கே அலுவல் பெற்றார். பறவைகளைப் பற்றியும் அவற்றைத் தேடிச் சென்ற பயணங்களைப் பற்றியும் வானொலியில் அவர் பேசலானார். சிறுவர்க்குரிய நிகழ்ச்சியிலும் அவர் குரல் அடிக்கடி ஒலித்தது.

ஜெர்மானிய நாவொலி மாறாத அவ்வாங்கிலம், பிழையற்ற நடையும் அன்று. மிடுக்குள்ள பேச்சும் அன்று. ஆயினும், ஒரு சிறு குருவியின் பாட்டைப் பற்றி ஒரு பெரும் பாடகரின் இசையைப் பேசுவதுபோல அவர் மதிப்புடன் பேசியது கேட்போர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய நகரங்களில் இருந்த மக்களே ஜெர்மன் நாவொலியுடைய அம்முதியவரின் பேச்சை ஆவலுடன் எதிர்பார்த்தனர். நகைச்சுவை நடிகர்கள் அவர் பேச்சைப் போலச் செய்து காட்டும் அளவிற்கு அக்குரல் வீடுதோறும் அறிமுகமாயிற்று. 1914-இல் அரங்கத்தினின்றும் அடங்கிய குரல், பறவைகளின் துணையால் இவ்வாறு மீண்டும் மக்களைச் சென்றடைந்தது.

போர் முடிந்தபின் 1946-இல் பி.பி.சி. தொடங்கிய இயற்கையியல் நிகழ்ச்சி ஒன்றிற்கு, கோக் பதிவு செய்த கர்லியூப் பறவையின் குரலே முகப்பொலியாக அமைந்தது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகால் சேற்றைத் துழாவி இரைதேடும் அப்பறவை, குளிர்காலத்தில் நம் கோடியக்கரை முதலிய கடலோரங்களுக்கும் வருவதுண்டு. நீண்டு எழுந்து நடுங்கி மறையும் அதன் குரல் வாரந்தோறும் எத்துணையோ இல்லங்களில் ஒலித்தது. நாளடைவில் கோக்கின் தொகுப்பைப் பி.பி.சி.யார் தமதாக்கிக்கொண்டனர், எரிக் சிம்ஸ், ஜெப்ரி பாஸ்வால் முதலியோரின் பதிவுகளோடு சேர்ந்து, அக்கழகத்தின் இயற்கை ஒலிக் களஞ்சியத்திற்கு அதுவே அடிப்படையாயிற்று.

முதுமையும் மறைவும்

முதுமை வந்துற்றபோதும் அவர் ஓய்ந்திலர். 1955-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி, ஒரு பறவை மனிதனின் நினைவுகள் என்னும் பொருள்படும் பெயரிட்டு வெளியிட்டார். 1960-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் அவர்க்கு எம்.பி.இ. என்னும் விருதளித்தனர். பிறந்த நாடு ஒதுக்கிய மனிதரைப் புகுந்த நாடு தன் மக்களுள் ஒருவராகவே போற்றியது. 1974-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில், இளவேனிற் பறவைகள் பாடும் பருவத்தில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் பணியின் பயன்

குருவிப் பாட்டைச் சேர்த்து வைப்பதால் உலகிற்கு என்ன பயன் எனச் சிலர் வினவலாம். இரண்டு பயன்களைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, அறிவு வளர்ச்சி. நிலைத்து நிற்கும் ஒலியையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய இயலும். 1950-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் தோர்ப் என்னும் பேராசிரியர் சாபிஞ்ச் என்னும் சிறு குருவியின் ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றை வரைபடமாக மாற்றும் கருவியால் ஆராய்ந்தார். முதிர்ந்த பறவைகளின் பாட்டைக் கேளாமல் தனித்து வளர்ந்த குஞ்சு, பெரிதானபின் குறைபட்ட பாட்டையே பாடுவதை அவர் கண்டார். பாட்டு முழுதும் பிறவியில் அமைவதன்று, கேட்டுக் கற்கப்படுவதும் உண்டு என்பது தெளிவாயிற்று. நம் பிள்ளைகள் தாய்மொழியைக் கற்பதும் இவ்வாறன்றோ!

இரண்டாவது பயன் சிறிது துயரம் தருவது. கோக் பதித்த நாளில் இங்கிலாந்தில் மிகுதியாய்க் கேட்ட சில குரல்கள் இன்று அரியவாயின. நைட்டிங்கேலும் கர்லியூவும் 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பேரிடர் நிலைப் பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நிலம் உழுதொழிலுக்கும் கட்டடத்திற்கும் மாற மாற, அவற்றின் இருப்பிடம் சுருங்கிற்று. பழைய தட்டுக்களில் உள்ள ஒலி, முன்னொரு காலத்தில் ஒரு சோலை எவ்வாறு ஒலித்தது என்பதற்கு ஆவணமாய் விளங்குகிறது. இழந்தது இன்னது என்று அறியாதவன் அதனை மீட்க முயலான். ஆதலின் இவ்வாவணம் வெறும் நினைவுப் பொருள் மட்டுமன்று.

மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

கோக் அவர்கள் வண்டி நிறையக் கருவிகளைச் சுமந்து செய்த வேலையை, இன்று நம் மாணவர் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்துள்ள செல்பேசியாலேயே ஓரளவு செய்யலாம். 2005-இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ஒரு தொகுப்பில், உலகின் எப்பகுதியினரும் தாம் பதித்த பறவை ஒலிகளை வைக்கலாம், யாவரும் கேட்கலாம். மெழுகுத் தட்டும் வேண்டா. நீண்ட கம்பியும் வேண்டா. வேண்டுவது வைகறையில் எழுதலும் வாய்பேசாதிருத்தலுமே.

இதில் ஈடுபட விரும்புவோர்க்குச் சில கூறுவோம். பறவை அஞ்சாத அளவில் இயன்றவரை அருகே செல்க. சென்றபின் அசையாது நிற்க. காற்று நேரே தாக்காவண்ணம் கருவியை மறைத்துப் பிடிக்க. பாட்டு முடிந்தவுடன் நாள், நேரம், இடம், பறவை அமர்ந்திருந்த மரம் ஆகியவற்றைத் தம் குரலாலேயே பதிவின் இறுதியிற் சொல்லி வைக்க. இக்குறிப்பில்லாத ஒலி முகவரியில்லாத மடலை ஒக்கும். பதித்த பாட்டை ஒலிக்கச் செய்து பறவையை அருகே அழைத்தல், அதிலும் கூடு கட்டும் காலத்தில் அழைத்தல், தகாது. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என மயங்கி அது கூட்டையும் குஞ்சையும் விட்டு அலையும். அரிய பறவையைத் தேடிக் காடு செல்லுமுன் நம் கல்லூரித் தோட்டத்துச் செம்போத்தையும் குக்குறுவானையும் புள்ளிக்குயிலையும் கேட்டுப் பழகுக.

பொழுதுபோக்கு என்னும் சொல்லைப் பொழுதை வீணே கழித்தல் என்னும் பொருளில் வழங்குகின்றோம். லுட்விக் கோக்கின் வாழ்க்கை வேறு பொருளை நமக்கு அறிவுறுத்துகின்றது. தொழிலும் பதவியும் பிறர் கொடுப்பன. பிறரே அவற்றைப் பறிக்கவும் வல்லர். அன்பினால் ஒருவர் தாமே தேடிப் பழகிய ஒன்று அவர் செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும். அதனை அவர் பிறர்க்குக் கொடுக்கக் கொடுக்க அது பெருகும். தேர்வுக்கு உதவாது என்று நாம் தள்ளிவைக்கும் சிறு விருப்பங்களுள் எது பின்னாளில் நம்மைத் தாங்கி நிற்கும் என்பதை யார் அறிவார்? நம் இளைஞர் அவற்றைக் கைவிடாது போற்றுவாராக. முதற்கண், நாளை வைகறையில் சன்னலைத் திறந்து, புறத்தே கரைவது எது, கூவுவது எது என ஒருகணம் செவிசாய்த்துக் கேட்பாராக.